வாஷருக்கு எட்டு நிமிஷமா?

ஏலே பேராண்டி, அந்தப் போனைக் கொஞ்சம் கீழ வையி. ஒரு சங்கதி சொல்லுதேன்.

யூடியூபுல முதமுதல்ல ஏத்துன வீடியோ எது தெரியுமா? 2005 ஏப்ரல். அமெரிக்காவுல சான் டியகோ மிருகக்காட்சிசாலை. அந்தக் கம்பெனிய ஆரம்பிச்ச மூணு பேருல ஒருத்தன், ஜாவேத் கரீமு, யானைக்கு முன்னால நின்னான். இதுகளுக்குத் தும்பிக்கை ரொம்ப நீளம்னான். அம்புட்டுதான். 19 செகண்டு. யானையவே 19 செகண்டுல முடிச்சுட்டாம்ல!

நேத்து நீ குழாய்க்கு வாஷர் மாத்த ஒரு வீடியோ பாத்தியே, அதுல வந்தவன் என்ன செஞ்சான்? "வணக்கம் மக்களே"ன்னான். பெல் பட்டனை அமுக்கச் சொன்னான். குழாய் கண்டுபிடிச்ச காலத்துலேர்ந்து இழுத்தான். ஒருவழியா ஸ்பேனரை நட்டுல வச்சான். டக்குன்னு ஒருத்தி வந்து ஷாம்பு விக்கா! நீயோ கேட் வால்வை அடைக்காமலே நட்டைக் கழட்டிட்டே. தண்ணி மூஞ்சில பீச்சி அடிக்கி, ஸ்கிப் பட்டன் எப்ப வரும்னு முழிச்சுக்கிட்டு நிக்கே.

அவன் ஏன் இழுக்கான்? எல்லாம் துட்டுக் கணக்குல. 2006-ல கூகுள் இந்தக் கடைய 165 கோடி டாலருக்கு வாங்குச்சு. போட்ட காசை எடுக்காண்டாமா? மறுவருசமே வீடியோ மேல விளம்பரம் ஏறி உக்காந்துட்டு. விளம்பரத்துல 100 ரூவா வந்தா, 55 ரூவா வீடியோ போட்டவனுக்கு. நடுவுல விளம்பரம் செருகணும்னா முன்ன 10 நிமிஷம் ஓடணும். 2020-ல அதை 8 ஆக்குனாங்க. அதாம்ல உன் வாஷருக்கும் எட்டு நிமிஷம்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்காப் பணம்.

இதுல நீயும் சேனல் ஆரம்பிக்கப் போறியாக்கும்? ஆரம்பி, யாரு வேண்டாங்கா? ஆனா இந்த மாதிரி நீள வீடியோ போட்டா, 1,000 பேரு சப்ஸ்கிரைப் பண்ணணும், வருசத்துல எல்லாரும் சேந்து அதை 4,000 மணி நேரம் பாக்கணும். அப்பதான் விளம்பரத் துட்டுல பங்கு. அதுக்கு முந்தியும் உன் வீடியோவுல விளம்பரம் போடுவான். உனக்கு ஒத்தப் பைசா தரமாட்டான்.

ஒண்ணு மட்டும் கேளு. வந்தவன் கேட்டதுக்கு முதல்ல பதிலைச் சொல்லு. பொறவு உங்க ஆச்சி பெருமைய எம்புட்டு வேணும்னாலும் நீட்டு. வேலை முடிஞ்சவன் சாவகாசமாக் கேப்பான். கேக்காமப் போயிருவானோன்னு பயமா? போனாப் போறான். உங்க ஆச்சி கதைய நானே முழுசாக் கேட்டதில்லல!