முதலில் ஓடட்டும், பெயின்ட் பிறகு

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே விஷயம்தான். இங்கிலாந்தில் புல் வளரத் தொடங்கிவிட்டது; நம்மவர்களின் கராஜ்களில் பழைய பெட்ரோல் மோவர்கள் கழற்றிப் போடப்பட்டிருக்கின்றன. கழற்றியவர்கள் எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். திரும்பப் பூட்டியவர்கள் ஒருவரும் எழுதவில்லை.

கே: கார் பூட் சந்தையில் பழைய அட்கோ மோவர் ஒன்று பார்த்தேன். எஞ்சின் அசையவே இல்லை. நாற்பது பவுண்ட் சொல்கிறார். வாங்கலாமா? (ஹாரோ வாசகர்)

ப: எஞ்சின் அசையாதது உங்களுக்கு நல்லது, அதைச் சொல்லியே விலையை இறக்கலாம். ஜாமான எஞ்சினை விடுவித்துவிடலாம். காணாமல் போன சாமானைத் தேடித்தான் ஆயுள் போகும். புல் விழும் பெட்டி இருக்கிறதா, செயின் கவர் இருக்கிறதா, வார்ப்பிரும்புச் சட்டத்தில் விரிசல் உண்டா என்று பாருங்கள். வார்ப்பிரும்பு வளையாது, உடையும். ஒட்டுவது எல்லா வெல்டராலும் ஆகிற காரியமில்லை. மற்றபடி அட்கோ நல்ல தேர்வுதான். 1921இல் பர்மிங்காமில் சார்லஸ் எச். பியூ கம்பெனி அட்கோ பெட்ரோல் மோவரைக் கொண்டுவந்தது. அதுவரை சீமான் வீட்டுப் புல்வெளியிலும் கிரிக்கெட் மைதானத்திலும் மட்டும் ஓடிய பெட்ரோல் மெஷின், அதற்குப் பிறகுதான் நடுத்தர வீட்டுக் கொல்லைக்கு வந்தது. நிறைய விற்றதால் இன்றைக்கும் உதிரி பாகம் கிடைக்கிறது.

கே: என் மெஷினுக்கு எந்தப் பச்சை பூசுவது? கடையில் நான்கு விதமான பச்சை காட்டுகிறார்கள். (லெஸ்டர் வாசகர்)

ப: எஞ்சின் ஓடுகிறதா என்று நீங்கள் சொல்லவே இல்லை. கடிதத்தில் பச்சை நாலு தடவை வருகிறது, எஞ்சின் ஒரு தடவைகூட வரவில்லை. இது பரவலான வியாதி. பளபளவென்று பூசி, பித்தளை மூடியைத் தேய்த்து, போட்டோ எடுத்து உறவினருக்கெல்லாம் அனுப்பிவிட்டு, அதன் பிறகு எஞ்சினைக் கழற்றுகிறார்கள். ஸ்பேனர் வழுக்கிப் புதுப் பெயின்ட் உரிகிறது. முதலில் ஓடட்டும். அடுத்து வெட்டட்டும். அதற்குப் பிறகும் பூசியே தீர வேண்டும் என்று தோன்றினால் பூசுங்கள். என்னைக் கேட்டால் பாதி மெஷின்களுக்குப் பெயின்டே வேண்டாம். பழைய பூச்சைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, எண்ணெய்த் துணியால் துடைத்தாலே போதும். கம்பெனி ஒட்டிய பெயர்ச்சித்திரம் தொட்டியில் பாதி மிச்சமிருந்தாலும் அதைச் சுரண்டாதீர்கள். புதிது வாங்கி ஒட்டலாம், ஆனால் அது நேற்று ஒட்டியதாகவே தெரியும்.

சுரண்டியே ஆக வேண்டுமென்றால் ஒரு எச்சரிக்கை. அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயம் இருக்கலாம். உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேயுங்கள், முகக்கவசம் போடுங்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

கே: எஞ்சின் ஜாம். மைத்துனர் சுத்தியலோடு தயாராக நிற்கிறார். (ஈஸ்ட் ஹாம் வாசகி)

ப: மைத்துனருக்கு டீ கொடுத்து உட்கார வையுங்கள். பிளக்கைக் கழற்றுங்கள். அந்த ஓட்டை வழியாக டீசலோ துரு இளக்கும் எண்ணெயோ நன்றாக ஊற்றி, அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு வாரம் ஆகலாம், மூன்று வாரமும் ஆகலாம். இடையிடையே ஃப்ளைவீலைக் கையால் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆட்டிப் பாருங்கள். ஒரு நூல் அசைந்தாலும் பாதி வேலை முடிந்தது என்று அர்த்தம். பெரும்பாலும் பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் சுவரும் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். ஸ்டார்ட்டர் கயிற்றைப் பிடித்து மல்லுக்கட்டினால் கயிறுதான் அறும். பிஸ்டன் தலையில் அடித்தால் பிஸ்டனே போகும்.

இன்னொன்று. வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர் செட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கமே போகாதீர்கள். பழைய பிரிட்டிஷ் மெஷின்களில் இருப்பது விட்வொர்த் அளவு நட்டு. 'கிட்டத்தட்டப் பொருந்துகிற' ஸ்பேனர் நட்டின் ஆறு மூலையையும் மழுக்கிவிடும். விட்வொர்த் ஸ்பேனர்கள் நீங்கள் மோவர் வாங்கிய அதே சந்தையில், பக்கத்து மேசையில் கிடக்கும்.

கே: எஞ்சின் சுற்றுகிறது, பிளக்கில் கரண்ட் வரவில்லை. வில்லியர்ஸ் எஞ்சின். புது பிளக் போட்டும் பயனில்லை. (குரோய்டன் வாசகர்)

ப: பழி எப்போதும் பிளக் மேல்தான் விழும், பாவம். குற்றவாளி ஃப்ளைவீலுக்குள் ஒளிந்திருக்கிறான். அங்கே இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் ஒன்றையொன்று தொட்டுத் தொட்டு விலகும். அதைத்தான் பாயிண்ட் என்கிறோம். வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத படலம் படிந்துவிடும். மெல்லிய எமரித் தாளை நடுவில் விட்டு இரண்டு இழுப்பு இழுத்து, பிறகு வெறும் அட்டைத் துண்டை விட்டுத் தூளைத் துடைத்து எடுங்கள். பொட்டுகள் முழுதாகத் திறந்து நிற்கும்போது இடைவெளி 0.015 அங்குலம் வேண்டும். ஃபீலர் கேஜ் இல்லாமல் குத்துமதிப்பாக வைத்தால் எஞ்சினும் குத்துமதிப்பாகத்தான் ஓடும்.

அங்கே போய்ச்சேருவதற்கு ஃப்ளைவீல் வெளியே வர வேண்டுமே என்பீர்கள். வில்லியர்ஸில் நடு நட்டைத் திருப்பினால் முதலில் தளரும், பிறகு மறுபடி இறுகும். பலர் அங்கே பயந்து நிறுத்திவிட்டு நெம்புகோலைத் தேடுகிறார்கள். தொடர்ந்து திருப்புங்கள். அந்த நட்டே சக்கரத்தை வெளியே தள்ளுகிற மாதிரிதான் செய்திருக்கிறார்கள். பாயிண்ட் சுத்தமாகியும் அதில் பெரிய பொறியாகத் தெறித்து, பிளக்கில் ஒன்றும் இல்லையென்றால் கண்டென்சர் செத்துவிட்டது. அதை மாற்றுவதைத் தவிர வேறு வைத்தியம் கிடையாது.

கே: எந்தப் பெட்ரோல் ஊற்றுவது? (ரீடிங் வாசகர்)

ப: பிரிட்டனில் 2021 செப்டம்பரிலிருந்து சாதாரண பெட்ரோல் ஈ10 ஆகிவிட்டது, அதாவது 10 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரையும் தக்கையையும் கெடுக்கும். சூப்பர் ரகத்தில் கிடைக்கும் ஈ5 வாங்குங்கள். சின்ன தொட்டிதானே, விலை வித்தியாசத்துக்கு அழ வேண்டாம். பருவம் முடிந்ததும் தொட்டியையும் கார்புரேட்டரையும் காலி செய்யுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வருடம் ஜெட்டில் பிசின் அடைத்திருக்கும்.

எண்ணெய் விஷயத்தில் முதலில் உங்கள் எஞ்சின் டூ-ஸ்ட்ரோக்கா ஃபோர்-ஸ்ட்ரோக்கா என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய வில்லியர்ஸ் டூ-ஸ்ட்ரோக்குக்குப் பதினாறு பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய், லிட்டருக்குச் சுமார் 60 மில்லி. புகை வரும், வரட்டும். சஃபோக் பஞ்ச் மாதிரி ஃபோர்-ஸ்ட்ரோக் என்றால் பெட்ரோலில் எண்ணெய் கலக்கவே கூடாது, அதற்குத் தனியாக எண்ணெய் அறை உண்டு.

கே: ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டுக்காரர் பழைய மோவரை ஸ்டார்ட் செய்து பார்க்கிறார். சொல்வீர்களா? (கோபக்கார வாசகி, டூட்டிங்)

ப: ஸ்டார்ட் ஆகிறதா, இல்லை வெறுமனே கயிறுதான் இழுக்கிறாரா? ஆகவில்லையென்றால் இந்தப் பக்கத்தைக் கிழித்து அவர் வீட்டுத் தபால் துளையில் போடுங்கள். சீக்கிரம் முடிப்பார்.

கே: இந்த மெஷினை முதலில் கண்டுபிடித்தது யார்? (மாணவர், மில்டன் கீன்ஸ்)

ப: எட்வின் பட்டிங். ஊர் குளோஸ்டர்ஷயரில் ஸ்ட்ரவுட் பக்கம், காப்புரிமை 1830இல். அங்கே கம்பளி ஆலைகள் அதிகம். நெய்த துணியின் மேல் சிலிர்த்து நிற்கும் நாரை ஒரே மட்டமாகச் சீவ, உருளையில் கத்தி சுற்றிய மெஷின் ஒன்று ஆலைகளில் இருந்தது. அதையே தரையில் உருட்டினால் என்ன என்று யோசித்தார். பைத்தியம் என்று ஊர் சிரிக்கும் என்பதால் ராத்திரியில்தான் ஓட்டிப் பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. அது மனிதர் தள்ளும் மெஷின். பெட்ரோலில் ஓடுவதை விற்பனைக்குக் கொண்டுவந்தது இப்ஸ்விச்சின் ரான்சம்ஸ் கம்பெனி, 1902இல்.

கே: எஞ்சின் ஜோராக ஓடுகிறது. ஆனால் புல்லை வெட்டாமல் மென்று துப்புகிறது. (ஹாரோ, இன்னொரு வாசகர்)

ப: உருளைக் கத்தியும் கீழே நிலையாக இருக்கும் பட்டைக் கத்தியும் கத்தரிக்கோலின் இரண்டு அலகு. இரண்டும் உரசியும் உரசாமலும் நிற்க வேண்டும். முதலில் பிளக் வயரைக் கழற்றி ஓரமாகக் கட்டுங்கள். எஞ்சின் அணைந்திருந்தாலும் கழற்றுங்கள். தடித்த தோல் கையுறை போட்டு, உருளையை மரக்கட்டையால் தள்ளிச் சுற்றுங்கள், விரலால் வேண்டாம். செய்தித்தாளை நீளத் துண்டாகக் கிழித்து இரண்டு கத்திக்கும் நடுவில் கொடுங்கள். இடது கோடியிலிருந்து வலது கோடி வரை ஒவ்வொரு இடத்திலும் சோதியுங்கள். 'நறுக்' என்று விழுந்தால் சரி. மடிந்து உள்ளே போனால் அந்தப் பக்கத்துத் திருகைக் கால் சுற்று இறுக்குங்கள், அதற்குமேல் ஒரே தடவையில் வேண்டாம்.

எவ்வளவு இறுக்கியும் நடுவில் வெட்டவில்லையென்றால் கத்தி தேய்ந்திருக்கிறது. லேசான தேய்மானத்துக்கு, கத்தி விளிம்பில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி உருளையை எதிர்த்திசையில் சுற்றினால் விளிம்பு மறுபடி கூராகும். பேஸ்டை மிச்சமில்லாமல் கழுவுங்கள். பள்ளம் விழுந்திருந்தால் கத்தி தீட்டும் கடைக்குத்தான் போக வேண்டும். மொத்த வேலையிலும் காசு கொடுத்துச் செய்யத் தகுந்தது இது ஒன்றுதான் என்பேன்.

கே: எங்கள் ஊர் விக்டா மோவரைப் பற்றி ஒரு வார்த்தை? (சிட்னி வாசகர்)

ப: மெர்வின் விக்டர் ரிச்சர்ட்சன் 1952இல் சிட்னியில் முதல் மாதிரியைச் செய்தபோது பெட்ரோல் தொட்டியாகப் பொருத்தியது பீச் பழம் வந்த காலி டப்பா. அதைக் கேலி செய்தவர்கள் இன்று இல்லை. விக்டா 2000 சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் வரிசையாக வலம் வந்தது. உங்கள் மெஷினில் தொட்டி ஓட்டையானால் என்ன செய்வதென்று இனி கேட்க மாட்டீர்கள்.

கே: மோவரை வைத்துப் பந்தயமும் விடுகிறார்களாமே? (வேகப்பிரியர், ஸ்லவ்)

ப: ஆமாம். 1973இல் மேற்கு சசெக்ஸின் விஸ்பரோ கிரீன் ஊரில், மதுக்கடையில் உட்கார்ந்து குறைந்த செலவில் மோட்டார் பந்தயம் எப்படி நடத்துவது என்று பேசியவர்கள் தொடங்கியது. பன்னிரண்டு மணி நேரப் பந்தயம்கூட உண்டு. பாதுகாப்புக்காகக் கத்தியைக் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. ஆகவே உங்கள் மெஷின் புல்லை வெட்டவில்லையென்றாலும் தகுதி உண்டு.

கே: என்னுடையது முடிந்துவிட்டது, ஓடுகிறது, வெட்டுகிறது. அடுத்து என்ன எடுக்கலாம்? (வெம்ப்ளி வாசகர்)

ப: பூட்டியவர் ஒருவர் கிடைத்துவிட்டார்! உங்களுக்குத் தகுந்தது ஒன்று சொல்கிறேன். 1939இல் அட்கோ கம்பெனி, இளைஞர்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தர ஒரு குட்டிக் கார் செய்தது. எஞ்சின் அதே வில்லியர்ஸ், 98 சிசி. அந்த வருடமே போர் வந்து கதை முடிந்தது. எங்காவது ஒன்று கண்ணில் பட்டால் எனக்கு எழுதுங்கள், வீட்டில் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.