தாச்சிச் சட்டியைத் தேடிப் போங்கள்

கேள்வி: அண்ணன், 'விட்சர்' கேம் விளையாட ஆசை. மூன்று பாகம் இருக்காம். கடை பூட்டி வீட்டுக்கு வந்தால் இரவில் ஒரு மணித்தியாலம்தான் கிடைக்கும். முதலாம் பாகத்திலிருந்துதானே தொடங்க வேணும்?
– வாசகர், கோமாரி

பதில்: வேண்டாம் தம்பி. நேரே மூன்றாம் பாகத்தில் இறங்குங்கள். முதலாவது 2007இல் வந்தது. அதன் வாள்வீச்சு இன்றைய கைக்குப் பழகுவதற்குள் அலுத்துவிடும். வரிசை தவறக்கூடாது என்று அதில் தொடங்கி, மூன்றாவதைக் காணாமலே விட்டுவிடுவீர்களோ என்பதுதான் என் பயம். 2015 மே மாதம் வந்த மூன்றாம் பாகம் அப்படிப்பட்ட படைப்பு.

போலந்து எழுத்தாளர் ஆந்த்ரே சப்கோவ்ஸ்கி 1986இல் வெளியிட்ட சிறுகதையில் பிறந்தவன் இதன் நாயகன் கெரால்ட். கூலிக்குப் பேய் பிசாசுகளை வேட்டையாடுகிறவன். தான் வளர்த்த பிள்ளை சிரியைத் தேடி அலைகிறான். இவ்வளவும் தெரிந்தால் போதும், மிச்சத்தைக் கதையே சொல்லித் தரும்.

ஆனால் பெரிய கதையைத் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள். முதல் ஊர் வைட் ஆர்ச்சர்ட். அங்கே பூட்டின குடிசைக்கு முன்னால் ஒரு கிழவி நிற்பாள். உள்ளே தன் தாச்சிச் சட்டி இருக்கிறது, எடுத்துத் தா என்பாள். பூதத்தை வெட்டுகிறவனிடம் கேட்கிற உதவியைப் பாருங்கள்! மந்திரத்தால் கதவை உடைத்து உள்ளே போனால் ஒரு பிணம் கிடக்கும். என்ன நடந்தது என்று மோப்பம் பிடிப்பது உங்கள் வேலை. கிழவிக்கோ சட்டி வந்தால் சரி. போர் நடக்கிற ஊரில் ஒரு கிழவியின் கவலை எதுவென்று அந்தச் சில நிமிடத்தில் காட்டிவிடுகிறார்கள். பிரதான கதை மட்டுமே சுமார் 50 மணித்தியாலம் ஓடும். உங்களுக்குக் கிடைக்கிற ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தாச்சிதான் அளவு.

கேள்வி: 'ஈசி'யில வச்சு விளையாடினா கூட்டாளிமார் சிரிக்கிறானுகள், காக்கா.
– சாய்ந்தமருது

பதில்: சிரிக்கட்டும். விட்சர் மூன்றின் ஆக இலேசான படிநிலைக்கு, கதை மட்டும் போதும் என்ற பொருளில் பெயர் வைத்ததே அதைச் செய்தவர்கள்தான். நாவல் வாசிக்கிறவரை அத்தியாயத்துக்கு அத்தியாயம் யாரும் பரீட்சையில் இருத்துவதில்லை. பிறகு சண்டை போதாது என்று தோன்றினால் நடுவிலேயே கூட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: 'ஸ்கைரிம்' தொடங்கினேன். ஆள் ஓட மாட்டேன் என்கிறான். கம்ப்யூட்டர் பழுதா?
– அக்கரைப்பற்று

பதில்: கம்ப்யூட்டர் நல்ல சுகம். உங்கள் மூட்டைதான் பாரம். தொடக்கத்தில் 300 வரைதான் சுமக்கலாம். அதற்கு மேல் போனால் ஓட்டம் நின்று, ஊர்ந்துதான் போகவேண்டும். வாளி, கரண்டி, பாலாடைக்கட்டி எல்லாவற்றையும் இப்போதே கீழே போடுங்கள். நகை, மருந்துக் குப்பி போல பாரம் குறைந்து விலை கூடினதை மட்டும் வைத்திருங்கள். டிராகன் எலும்பு ஒன்றே 15. வைட்ரன் நகரத் தலைவர் உங்களுக்குப் பட்டம் தரும்போது லிடியா என்றொரு துணையும் வருவாள், பாதிச் சுமையை அவளிடம் கொடுங்கள்.

2011இல் வந்த ஸ்கைரிம் தன் வரிசையில் ஐந்தாவது. அதற்காகக் கலங்க வேண்டாம். ஒவ்வொரு பாகத்துக்கும் வேறு நாடு, வேறு வீரன். முந்தினது தெரியாததால் எந்தக் கதையும் குழம்பாது. கரண்ட் போகிற ஊர்க்காரருக்கு இன்னொரு சொல்: F5 விசையை அடிக்கடி தட்டுங்கள், அந்த இடத்திலேயே சேமிக்கும்.

கேள்வி: என்னிடம் ஃபோன் மட்டும்தான்.
– பொத்துவில்

பதில்: 'ஃபைனல் ஃபேன்டசி' இருக்கிறதே. ஜப்பானில் 1987இல் தொடங்கிய வரிசை. முதல் ஆறு பாகங்களும் புதுப்பித்து ஃபோனுக்கு வந்துவிட்டன. எண்தான் தொடர்கிறது, கதை தொடர்வதில்லை. ஆறாவதை எடுங்கள். 1994இல் செய்தது, படம் புள்ளி புள்ளியாகத்தான் தெரியும், ஆனால் அந்தக் கதைக்கு இன்றைக்கும் மனம் கரையும்.

கேள்வி: இங்கிலீசு மட்டம். கதை விளங்குமா?
– நிந்தவூர்

பதில்: விளங்கும். திரையில் எழுத்துவரியை ஓட விடுங்கள். விட்சரில் ஒவ்வொரு வேலையையும் பற்றி ஒரு குறிப்பேடு எழுதிக்கொண்டே வரும், அதை ஆறுதலாக வாசியுங்கள். பதில் தெரிவுசெய்யும் இடங்கள் பெரும்பாலானவற்றில் உங்களை யாரும் அவசரப்படுத்த மாட்டார்கள். நான் சொன்ன இந்த மூன்றிலும் தமிழ் இல்லை என்பது எனக்குத் தீராத குறை. நம் பகுதிக் கூத்துக் களரியிலும் முஸ்லிம் புலவர்கள் பாடிய படைப்போர்களிலும் இல்லாத வீரரா, இல்லாத மாயமா? கணினி படிக்கிற நம் பிள்ளைகளில் யாராவது அவற்றைக் கேமாக்க வேண்டும். எழுத்து வேலைக்கு என்னைக் கூப்பிட்டால் ஓடி வருவேன்.

கேள்வி: மகனுக்குப் பதினாலு வயது. கேமுக்கென்று காசு கேட்டுக்கொண்டே இருக்கிறான். என்ன செய்ய?
– ஓர் உம்மா, கல்முனை

பதில்: தங்கச்சி, முதலில் அது எந்த வகை கேம் என்று பாருங்கள். 2020இல் வந்த 'கென்ஷின் இம்பாக்ட்' போன்றவை இலவசமாகத்தான் இறங்கும். பிறகு, நல்ல வீரன் வேண்டுமென்றால் குலுக்கலில் எடுக்கச் சொல்லும். காசு போகும், கேட்ட வீரன் வரமாட்டான், மறுபடியும் குலுக்கத் தோன்றும். வங்கி அட்டையை அந்த ஃபோனில் சேர்த்து வைக்காதீர்கள். மகனோடு பக்கத்தில் இருந்து, காசு எங்கே போகிறது என்று அவனையே காட்டச் சொல்லுங்கள். விட்சருக்கு ஐரோப்பாவில் 18 வயது முத்திரை, அதுவும் அவனுக்கு இப்போது வேண்டாம். பொத்துவில்காரருக்குச் சொன்ன ஃபைனல் ஃபேன்டசியை வாங்கிக் கொடுங்கள். ஒருதரம் விலை கொடுத்தால் கடைசிக் காட்சி வரை முழுவதும் அவனுக்குத்தான், நடுவில் குலுக்கல் கிடையாது.