தொரப்பள்ளிக்காரர் சாத்திய கடை

ஓசூர் இந்தியாவுக்குக் கொடுத்தவை மூன்று. டி.வி.எஸ். மொபெட், டைட்டன் வாட்ச், மதுவிலக்கு. முதலாவது ஏறிப் போக, இரண்டாவது மணி பார்க்க. மூன்றாவது எதற்கு என்கிறீர்களா? முதலாவதில் ஏறி, இரண்டாவதைப் பார்த்துக்கொண்டே, ஜூஜுவாடியில் இருக்கிற கர்நாடக எல்லைக்குப் பறப்பதற்கு!

இந்த மூன்றாவது ஐட்டத்தின் பிராண்ட் ஓனர் லேசுப்பட்ட ஆள் இல்லை. ஓசூருக்குப் பக்கத்தில் தென்பெண்ணைக் கரையோரம் தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10-ல் அங்கே கிராம முன்சீப் வீட்டில் ஒரு பிள்ளை பிறந்தது. கறுப்புக் கண்ணாடியும் கதர்த் துண்டும் பின்னாளில் வந்தவை; பிடிவாதம் மட்டும் பிறவியிலேயே இருந்திருக்க வேண்டும். சுதந்திர இந்தியாவின் கவர்னர் ஜெனரல் நாற்காலி வரைக்கும் போன அந்தப் பிள்ளைதான் ராஜாஜி.

ஓசூரில் பள்ளிக்கூடம், பெங்களூர் சென்ட்ரல் காலேஜில் படிப்பு. (இன்றைக்கும் ஓசூர்ப் பிள்ளைகளுக்கு அதே ரூட்தான்.) அவர் படிப்பை முடித்துக் கிளம்பிய கொஞ்ச காலத்தில், 1896-ல், பெங்களூர் கண்டோன்மென்ட்டில் 21 வயது வெள்ளைக்கார லெப்டினன்ட் ஒருவர் வந்து இறங்கினார். போலோ ஆடினார், ரோஜா வளர்த்தார், வண்ணத்துப்பூச்சி பிடித்தார். மிச்ச நேரத்தில் கிளப். கிளம்பும்போது கிளப்புக்கு 13 ரூபாய் பாக்கி வைத்துவிட்டார். 1899 ஜூன் 1 தேதியிட்ட கிளப் மினிட்ஸ் புத்தகத்தில், வராக்கடன் லிஸ்டில் அந்தப் பெயர் பத்திரமாக இருக்கிறது: வின்ஸ்டன் சர்ச்சில்.

ஒரே ஊரின் தண்ணீர் குடித்தவர்கள். ஒருவர் பாக்கி வைத்துவிட்டுப் போனார், இன்னொருவர் கடையையே சாத்தினார். கடைக்காரர் இடத்திலிருந்து யோசித்தால் சர்ச்சில் எவ்வளவோ தேவலை!

ராஜாஜிக்குக் கள்ளின் மேல் இருந்த கோபம் ஒருநாள் கோபம் இல்லை. திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் இருந்தபோது, குடியைத் திட்டுவதற்கென்றே 1929-ல் 'விமோசனம்' என்று பத்திரிகை நடத்தினார். உதவிக்கு யார் தெரியுமா? கல்கி. வந்தியத்தேவனைக் குதிரையில் ஏற்றுவதற்குப் பல வருஷம் முன்னால், அந்த மனுஷர் குடிகாரர்களைக் குடியிலிருந்து இறக்கும் வேலையில் இருந்தார்.

1937-ல் ராஜாஜி சென்னை மாகாணத்தின் தலைமை நாற்காலிக்கு வந்தார். சொந்த மண்ணுக்குத் தலைவர்கள் பாலம் கொண்டுவருவார்கள், காலேஜ் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது பூட்டு. அக்டோபர் 1 முதல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு. ஓசூர், கிருஷ்ணகிரி எல்லாம் அன்றைக்கு சேலம் ஜில்லாதான். இன்றைய பாஷையில் சொன்னால் பைலட் ப்ராஜெக்ட். முன்னின்று நடத்தியவர் கலெக்டர் டிக்சன். காங்கிரஸ்காரர் உத்தரவு போட, வெள்ளைக்காரர் கள்ளுக்கடைக்குப் பூட்டுப் போடுகிறார். சுதந்திரப் போராட்டத்தில் இப்படியும் ஒரு ஒற்றுமை!

கிண்டல் ஒருபக்கம் இருக்கட்டும். கூலிக்காசு வந்து சேராத வீடுகளில் அடுப்பு எரியாமல் கிடந்தது நிஜம். அதை நினைத்து அந்த மனிதர் உருகியதும் நிஜம். உருகி 'திக்கற்ற பார்வதி' என்று நாவலே எழுதினார். 1974-ல் சிங்கீதம் சீனிவாசராவ் அதைப் படமாக எடுத்தார், அதுவும் தொரப்பள்ளியிலேயே. ஆக, ராஜாஜி அடுப்பங்கரையிலிருந்து பார்த்தார். கடைக்குள்ளே எட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எட்டிப் பார்த்திருந்தால் என்ன தெரிந்திருக்கும்? கீற்றுக் கொட்டகை. மண் மொந்தை. அவித்த முட்டை, சுண்டல், சுட்ட கருவாடு. ஓரத்தில் ஒருவர் கண்ணை மூடித் தெம்மாங்கு எடுத்துவிட, பக்கத்து ஆள் காலி மொந்தையைக் கவிழ்த்துத் தாளம் தட்டுவார். சரக்கு அன்றன்றைக்கு மரத்தில் இறக்கியது. மறுநாள் வரை வைத்தால் புளித்து முகத்தில் அடிக்கும். இதையேதான் பெங்களூர் இந்திராநகரில் 'ஃப்ரெஷ், லோக்கல், ஸ்மால் பேட்ச், வித் லைவ் மியூசிக்' என்று மெனு கார்டில் போட்டு நூறு நூறாகக் கறக்கிறார்கள். நம்ம ஊர் கள்ளுக்கடையும் மைக்ரோ ப்ரூவரிதான் சார். என்ன, அதற்கு இங்கிலீஷ் தெரியவில்லை!

கடை போனால் சாயங்காலம் காலியாகிவிடுமே? அரசாங்கம் அதற்கும் ஏற்பாடு செய்தது. பஜனை, நாடகம், விளையாட்டு. அதாவது லைவ் மியூசிக்கை வைத்துக்கொண்டு பப்பை எடுத்துவிட்டார்கள். எண்பது வருஷம் கழித்து எல்லைக்கு அந்தப் பக்கம் இதைத் தலைகீழாகச் செய்யப் போகிறார்கள். கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்.

அதற்கு முன்னால் காசு. கடையை மூடினால் கஜானாவில் ஓட்டை. அடைக்க ராஜாஜி 1939-ல் விற்பனை வரியைக் கொண்டுவந்தார். அந்த வரியின் பேரப்பிள்ளைதான் வாட். ஜி.எஸ்.டி. வந்த பிறகும் குடிக்கிற சரக்கு மட்டும் அதற்குள் போகாமல் வாட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. 2023-24-ல் டாஸ்மாக் மூலம் தமிழக அரசுக்கு வந்தது 45,855 கோடி ரூபாய். அதில் பெரும்பங்கு வாட். குடி வருமானமே வேண்டாம் என்று கண்டுபிடித்த வரியை, இன்று குடியிலிருந்தே வசூலிக்கிறோம். தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மறுபடி மாட்டிப் பார்த்திருப்பார்.

நடுவில் நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னால், ஃப்ரிட்ஜ் கதவு. 1971-ல் திறந்தார்கள், 1974-ல் மூடினார்கள், 1981-ல் திறந்தார்கள். 1987 ஜனவரி 1-ல்தான் க்ளைமாக்ஸ். கள்ளும் சாராயமும் கூடாது, விஸ்கியும் பிராந்தியும் ஓகே!

ஏழைகள் புழங்கிய பேட்டைக்குள் காசுள்ளவர்கள் நுழைந்து, வாடகை ஏறி, பழைய ஆட்கள் மூட்டை கட்டுவதை ஜென்ட்ரிஃபிகேஷன் என்கிறார்கள். 1964-ல் லண்டனைப் பார்த்து அந்தச் சொல்லைப் படைத்த சமூகவியலாளரின் பெயர் ரூத் கிளாஸ். சத்தியமாகக் கிளாஸ்தான்! அவர் ஊரில் அது தெருவில் நடந்தது. நம்ம ஊரில் கிளாஸுக்குள்ளேயே நடந்துவிட்டது. மண்ணின் மைந்தன் கள்ளு காலி செய்ய, கோட் போட்ட விஸ்கி குடியேறியது.

இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம். இந்திராநகர் ஒரு காலத்தில் ரிட்டையர்டு ஆபீசர்கள் செடிக்குத் தண்ணீர் ஊற்றிய பேட்டை. பிறகு ஐ.டி. சம்பளம் வந்தது, கூடவே பப் வந்தது, கிதார் வந்தது. முன்னால் வந்தவர்களுக்குத் தூக்கம் வேண்டும், பின்னால் வந்தவர்களுக்குப் பாட்டு வேண்டும். பஞ்சாயத்துக்கு வந்தது 2005-ல் போட்ட ஒரு போலீஸ் ஆணை. பாட்டு வைக்க லைசென்ஸ் வாங்கு என்றது அது. 2018 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் அது செல்லும் என்றது. லைசென்ஸ் கேட்கப் போனால் கட்டடத்துக்கான சான்றிதழைக் கேட்டார்கள். அது பெங்களூரில் எத்தனை கட்டடத்துக்கு இருக்கிறது? பல மேடைகளில் மைக்கை மூடி வைத்தார்கள். 2013-லிருந்து பாட்டுக்கு மேடை கொடுத்துக்கொண்டிருந்த 'தி ஹம்மிங் ட்ரீ' பப் 2019-ல் கதவையே சாத்தியது. மைக்கை மூடிய பப்களில் பாட்டு போய் பீர் மட்டும் மிஞ்சியது. சொன்னேனே தலைகீழ் என்று, இதுதான்.

ஓசூர்க் கதை இதைவிட வேடிக்கை. பெங்களூர் வாடகை கட்டுப்படியாகாதவர்கள் இங்கே ஃப்ளாட் தேடி வருகிறார்கள். அவர்கள் வந்ததால் இங்கேயும் வாடகை ஏறுகிறது. 'எங்க பப்பைக் காப்பாற்றுங்கள்' என்று பேனர் பிடிக்கலாம் என்றால் முடியாது. காப்பாற்ற வேண்டிய பப்பை நம்ம ஊர்க்காரரே 1937-ல் மூடிவிட்டுப் போய்விட்டார்!

போன மாதம் ஒரு சனிக்கிழமை ராத்திரி, சிப்காட் பக்கம் ஒரு டாஸ்மாக் வழியாக வந்தேன். உட்கார நாற்காலி கிடையாது. பிளாஸ்டிக் கப், தண்ணீர் பாக்கெட், சுவரோரம் நின்றபடி ஒரே மடக்கு. பெட்ரோல் போட வந்தவர்கள் மாதிரி யாரும் யாருடனும் பேசவில்லை. சற்றுத் தள்ளி மூன்று பேர் மட்டும் மொபெட்டைச் சுற்றி நின்றார்கள். கம்பெனி யூனிஃபார்மில் இருந்த பெரியவர் கண்ணை மூடிக்கொண்டு எங்கோ கிராமத்துத் தெம்மாங்கு ஒன்றை எடுத்தார். மற்றொருவர் மொபெட் சீட்டில் தாளம் தட்டினார். சத்தியமாக லைவ், சத்தியமாக லைசென்ஸ் இல்லை.

மூன்றாமவர் வாட்சைப் பார்த்தார். பத்து மணி. ஷட்டர் சடசடவென்று இறங்கியது. உள்ளேயிருந்து ஒரு குரல்: "போதும் அண்ணா, வீட்டுக்குக் கிளம்புங்க."

நல்ல பிள்ளைகள், வண்டியை ஓட்டவில்லை. தள்ளிக்கொண்டே நடந்தார்கள். திருப்பத்தில் மறையும்வரை அந்த சீட்டில் தாளம் நிற்கவே இல்லை.