32 அங்குலக் காலடி

கே: இமயமலையில் 'எட்டி' என்ற பனிமனிதன் நிஜமாகவே இருக்கிறானா? (கல்லூரி மாணவர், தாம்பரம்)

ப: பெயரிலேயே பதில் இருக்கிறது. எட்டிப் பார்த்தவர்கள் ஏராளம். கிட்டப் பார்த்தவர்தான் ஒருவரும் இல்லை.

கே: நம் ராணுவமே அதன் காலடித் தடத்தைப் படம் எடுத்துப் போட்டதே? (ஓய்வுபெற்ற ஆசிரியர், சேலையூர்)

ப: போட்டது உண்மை. 2019 ஏப்ரல் 9 அன்று, நேபாளத்தின் மக்காலு மலை முகாம் அருகே ராணுவ மலையேற்றக் குழு பார்த்த தடம் அது. 32 அங்குல நீளம், 15 அங்குல அகலம். மாதக் கடைசியில் ட்விட்டரில் வந்தது. அடுத்த சில நாளில் நேபாள ராணுவம் சொன்ன பதில்: "கரடி." அந்தப் பகுதியில் அடிக்கடி தென்படும் தடம்தான் என்று கூடப் போன சுமைதூக்கிகளே சொன்னார்களாம்.

கே: கரடிக்கு ஏது ஐயா இரண்டரை அடிப் பாதம்? (இல்லத்தரசி, கேளம்பாக்கம்)

ப: கோவளம் கடற்கரைக்குக் காலை ஆறு மணிக்கு வாருங்கள். ஈரமணலில் நாய் நடந்த தடம் நகம் முதற்கொண்டு தெளிவாகத் தெரியும். வெயில் ஏறி மணல் உலர்ந்த பிறகு அதே தடத்தைப் பாருங்கள். விளிம்பு சரிந்து, நகம் காணாமல் போய், கன்றுக்குட்டி நடந்த மாதிரி இருக்கும். பனி உருகும்போதும் இதே கதைதான். போதாததற்குக் கரடி, முன்னங்கால் பதிந்த இடத்தை ஒட்டியே பின்னங்காலையும் வைக்கும். இரண்டு தடமும் சேர்ந்து ஒரே நீளப் பாதமாகிவிடும். நாலு கால் பிராணி இரண்டு காலில் நடந்த மாதிரியும் தெரியும். கணக்கில் உதைக்கிற அந்த இரண்டு கால்தான் எட்டி.

கே: 'அருவருப்பான பனிமனிதன்' என்று ஏன் பாவம் அதைத் திட்டுகிறார்கள்? (ஐ.டி. ஊழியர், நாவலூர்)

ப: திட்டியது மொழிபெயர்ப்பு. 1921-ல் எவரெஸ்ட் போன பிரிட்டிஷ் குழு தடங்களைப் பார்த்தது. தலைவர் ஹோவர்ட்-பரி, ஓநாயாக இருக்கலாம் என்றார். உடன் போன சுமைதூக்கிகள் வேறொரு பெயர் சொன்னார்கள். அதைக் கல்கத்தா பத்திரிகையாளர் ஹென்றி நியூமன் தப்பாக மொழிபெயர்க்க, 'அருவருப்பு' ஒட்டிக்கொண்டது. ஓநாய் என்று அச்சடித்தால் பேப்பர் விற்குமா?

கே: முடி, எலும்பு எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறார்களாமே? (மருந்துக்கடைக்காரர், குரோம்பேட்டை)

ப: நேபாளத்தின் கும்ஜுங் மடத்தில் ஒரு 'எட்டி மண்டைத்தோல்' உண்டு. 1960-ல் எட்மண்ட் ஹிலாரி அதை இரவல் வாங்கி நிபுணர்களிடம் காட்டினார். செரோ என்ற மலையாட்டின் தோல் என்றார்கள். 2017-ல் வெளியான டி.என்.ஏ. ஆய்வில், எட்டியுடையது எனப்பட்ட ஒன்பது மாதிரிகளில் எட்டு கரடி. மிச்சம் ஒன்று நாய்!

கே: தமிழனுக்கு இப்படி ஒரு மலைமிருகம் இல்லையே என்று ஏக்கமாக இருக்கிறது. (தமிழார்வலர், பல்லாவரம்)

ப: ஏங்காதீர்கள். சங்கப் பாடல்களில் ஆளி உண்டு. மலைக்காட்டில் யானையையே அடிக்கும் மிருகம். பிற்பாடு யாளியாகிக் கோயில் தூணில் ஏறிக்கொண்டது. கோவளத்தில் மாமல்லபுரம் பஸ் பிடித்து, வழியில் சாளுவன்குப்பத்தில் இறங்குங்கள். பல்லவர் குடைந்த பாறையைச் சுற்றி 11 யாளித் தலைகள் வாயைப் பிளந்தபடி இருக்கும். எட்டிக்கு ஒரு நல்ல போட்டோ கிடையாது. இங்கே செல்ஃபியே எடுக்கலாம். இத்தனை யாளியைச் செதுக்கியும் ஊர் அதற்கு வைத்த பெயர் 'புலிக்குகை'. நியூமனை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

கே: வலையிலிருந்து தப்பிய வஞ்சிரம் என் உயரம் என்றால் ஒருத்தரும் நம்புவதில்லை. எட்டியை மட்டும் நம்புகிறார்களே? (மீனவர், கோவளம்)

ப: அண்ணே, உங்கள் படகில் கூட வந்தவரிடம் கரையில் எல்லாரும் விசாரித்துவிடுகிறார்கள். அவரும் சிரித்துக்கொண்டே கையை ஒரு முழத்துக்குச் சுருக்கிக் காட்டிவிடுகிறார். மலையில் அப்படிக் கூடப் போகிறவர் சுமைதூக்கி. படம் போடுவதற்கு முன் அவரை ஒரு வார்த்தை கேட்டிருந்தால், எட்டி அன்றைக்கே ஒரு முழமாகியிருக்கும்.