சுற்றறிக்கையை யார் பாடுவார்?

கேள்வி: மனித குலத்துக்கு அதிகம் முக்கியமானது கலையா, விஞ்ஞானமா? பட்டிமன்றத்துக்குத் தேவை. சுற்றி வளைக்காமல் ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லவும்.
— சாய்ந்தமருது வாசகர்

பதில்: விஞ்ஞானம்.

கேட்ட ஒரு வரி முடிந்தது. நடுவருக்கு அவசரமென்றால் இதோடு எழுந்து போகலாம். இருக்க நேரமுள்ளவர்களுக்கு மட்டும் மிச்சத்தைச் சொல்கிறேன். 1934–35 இல் மலேரியா இலங்கையில் ஏறத்தாழ 80 ஆயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. எந்தக் கவிராயரும் பாடி அதை நிறுத்தவில்லை. நுளம்பை அறிந்து, டி.டி.டி. தெளித்து, இரத்தத்தைச் சோதித்துத்தான் நிறுத்தினார்கள். 1963 இல் நாடு முழுவதற்கும் பதிவான நோயாளிகள் வெறும் 17 பேர். ஒரு வகுப்பறையின் முன்வரிசையில் உட்கார வைத்துவிடலாம். அதைக் கண்டதும் நமக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. தெளிப்பைக் குறைத்தோம், கண்காணிப்பைத் தளர்த்தினோம். 1969 இல் மலேரியா ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோருடன் திரும்பி வந்தது. நுளம்பு மருந்துக்குப் பழகிக்கொண்டதும் ஒரு காரணம்தான். ஆனாலும் இடைப்பட்ட ஆறு வருடங்களில் மலேரியாவைப் பற்றிய அறிவு ஓர் எழுத்துக்கூடக் குறையவில்லை. குறைந்தது பயம். 2016 இல் ‘மலேரியா அற்ற நாடு’ என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடம் வாங்க, இன்னும் ஒரு தலைமுறைக்கு மேல் போராட வேண்டியிருந்தது. கண்டுபிடிப்பதில் விஞ்ஞானத்துக்கு நிகர் கிடையாது. கண்டுபிடித்ததைச் சனம் மறக்காமல் பார்த்துக்கொள்ள மட்டும் அதற்குத் தெரியாது. நான் சொல்ல வருவது அந்த இரண்டாவது வேலையைப் பற்றித்தான்.

கேள்வி: மறதிக்குத்தான் ஆவணம் இருக்கிறது, பாடப்புத்தகம் இருக்கிறது. இதில் பாட்டும் கூத்தும் எங்கே வந்தன?
— மருதமுனை வாசகி

பதில்: ஆவணம் அலுமாரிக்குள் இருக்கும். அலுமாரித் திறப்பு, மாற்றலாகிப் போன அதிகாரியின் சட்டைப்பையில் இருக்கும். பாடப்புத்தகத்தின் ஆயுள் பரீட்சை மண்டப வாசலோடு சரி. சுமாத்திராவுக்கு மேற்கே சிமெலுவே என்றொரு தீவு இருக்கிறது. 2004 டிசம்பர் 26 இல் சுனாமியைக் கிளப்பிக் கடலடி நிலம் அதிர்ந்தது அதற்குப் பக்கத்தில்தான். தீவின் வடகரைக்கு அலை வரப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஹவாயிலிருந்த எச்சரிக்கை நிலையம் தன் முதல் அறிக்கையை வெளியிடுவதற்குள் அங்கே எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. தீவில் ஏறத்தாழ 78 ஆயிரம் சனம். இறந்தவர்களாகப் பதிவானோர் 7 பேர். அவர்களிடம் கருவியும் இல்லை, சைரனும் இல்லை. 1907 இல் இதேபோல் ஒரு கடல் வந்து ஊரை அள்ளிக்கொண்டு போயிருந்தது. தப்பியவர்கள் அதற்கு ‘ஸ்மோங்’ என்று பெயரிட்டுக் கதையாகச் சொன்னார்கள், தாலாட்டாகவும் பாடினார்கள். நிலம் பலமாக ஆடி, கடல் வற்றினால், மலைக்கு ஓடு, செய்தி அவ்வளவுதான். தொட்டிலில் கேட்டதை 97 வருடங்கள் கழித்துக் காலில் வைத்துக்கொண்டு ஓடினார்கள்.

இது ஏதோ தீவுவாசிகளின் வினோதம் என்று தள்ளிவிட வேண்டாம். படித்தவர்களும் இதைத்தான் செய்தார்கள். இப்னு சீனா பெரிய மருத்துவ நூல் எழுதியதோடு நிற்காமல், மாணவர்கள் மனனம் செய்வதற்கென்று மருத்துவத்தைக் கவிதையாகவும் யாத்தார். 15 ஆம் நூற்றாண்டின் அரபு மாலுமி இப்னு மாஜித், நட்சத்திரங்களையும் துறைமுகங்களையும் செய்யுளிலே கட்டினார். ஆடுகிற மரக்கலத்தில், நடுச்சாமத்தில், விளக்கைப் பிடித்துக்கொண்டு புத்தகம் புரட்ட முடியாது. வாயில் வருவதுதான் கைக்கு உதவும். நமது சித்த வைத்தியர்களும் சரக்கின் அளவைப் பாட்டில்தான் வைத்தார்கள். இவர்களில் எவரும் விஞ்ஞானத்துக்கு ஓய்வு கிடைத்த நேரத்தில் கவிதையோடு விளையாடியவர்கள் அல்லர். அறிவு அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர வேண்டுமே என்று கவலைப்பட்டவர்கள்.

கேள்வி: சிமெலுவேயில் நிலம் குலுங்கியது. நமக்குக் குலுங்கவே இல்லையே! தாலாட்டு எதைச் சொல்லி நம்மை எழுப்பியிருக்கும்? போதாதற்குப் பாட்டு பொய்யையும் சொல்லுமே?
— விஞ்ஞான ஆசிரியர், நிந்தவூர்

பதில்: நல்ல அடி. இரண்டாவதை முதலில் வாங்கிக்கொள்கிறேன். இப்னு சீனாவின் அந்தக் கவிதையே சாட்சி. உடம்பில் நான்கு திரவங்கள், அவற்றின் ஏற்ற இறக்கமே நோய் என்ற பழைய கொள்கையையும் அது அதே இனிமையோடு நூற்றாண்டுக் கணக்கில் சுமந்து திரிந்தது. பாட்டுக்குச் சரக்கைப் பரிசோதிக்கத் தெரியாது, ஏற்றியதைக் கொண்டுபோகும். அந்தச் சோதனைச்சாவடியில் நிற்க விஞ்ஞானத்தை விட்டால் ஆளில்லை. அதனால்தான் என் ஒரு வரித் தீர்ப்பை இன்னும் மாற்றவில்லை.

முதல் அடியில் பாதிதான் சரி. அன்று காலை இலங்கை நேரம் 6.58க்கு நிலம் அதிர்ந்தது. கடல் நம் கரைக்கு வர ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் இருந்தது. அந்த அதிர்வை இங்கிருந்து அறியக் கருவிதான் வேண்டும், எந்தக் கவியாலும் ஆகாது. கருவிகளும் அறிந்தன. ஆனால் பசுபிக்குக்கு இருந்த எச்சரிக்கை ஏற்பாடு இந்து சமுத்திரத்துக்கு இல்லாததால், அறிந்தது ஹவாயிலேயே நின்றது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை இழந்தோம். மற்றப் பாதியைப் பாருங்கள். இலங்கைக் கரையில் கடல் உள்வாங்கிய இடங்களில், தரையில் துள்ளிய மீனைப் பார்க்கவும் பொறுக்கவும் சனம் போனது. வற்றும் கடல் திரும்பும் என்ற ஒரே ஒரு வரி யாருடைய தாலாட்டிலாவது இருந்திருந்தால், அவர்கள் எதிர்ப்பக்கம் அல்லவா ஓடியிருப்பார்கள்! 2012 ஏப்ரல் 11 இல் சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் மறுபடி அதிர்ந்து எச்சரிக்கை வந்தபோது, நம் கரையில் யாரையும் தள்ளி அனுப்ப வேண்டியிருக்கவில்லை. ஏழு வருடத்துக்கு முந்திய சாவு நெஞ்சில் ஈரமாக இருந்தது. அந்த ஈரம் எத்தனை வருடத்துக்கு? சுனாமி வருடத்தில் பிறந்த பிள்ளைகள் இன்று வாக்காளர்கள். எச்சரிக்கைக் கோபுரத்தை உப்புக் காற்று தின்னும், பழுது பார்க்கக் கேள்விப்பத்திரம் கோர வேண்டும், அதற்கு நிதி ஒதுக்க வேண்டும். தாலாட்டுக்குப் பராமரிப்புச் செலவு இல்லை.

இன்னொருவர் எழுந்து, ‘கலையை அறிவுக்கு மூட்டை தூக்குகிற கூலியாக்கிவிட்டீரே’ என்பார். வயல் காவல் பரணில் பாடிய நமது நாட்டார் கவிகளில் மச்சானும் மச்சியும்தான் நிறைந்திருக்கிறார்கள். அவற்றில் ஒரு தகவலும் இல்லை, இருக்கவும் தேவையில்லை. ஆனால் அந்தச் சுகம் இருக்கிற இடத்தில்தான் அறிவுக்கும் தங்க இடம் கிடைக்கிறது. நம்பாவிட்டால் இடர் முகாமைத்துவச் சுற்றறிக்கை ஒன்றை எடுத்து மூன்று பந்தியைப் பாடிப் பாருங்கள். தொட்டிலில் கிடக்கிற பிள்ளை எழுந்து ஆட்சேபம் தெரிவிக்கும்.

கேள்வி: மகள் சாதாரண தரத்தில் ஒன்பது ஏ. கலைப் பிரிவுதான் வேண்டும் என்கிறாள். “இவ்வளவு கெட்டிக்காரப் புள்ளைய ஆர்ட்ஸுக்கா அனுப்பப் போறீங்க?” என்று சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்கிறார்கள். என்ன செய்ய?
— ஓர் உம்மா, கல்முனை

பதில்: வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுத்து, காரைதீவுக்காரர் ஒருவரின் கதையைச் சொல்லுங்கள். சாய்ந்தமருதுவைத் தாண்டினால் காரைதீவு. அங்கே 1892 இல் பிறந்த மயில்வாகனன் 1916 இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதரானார்; 1920 இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியானார். பிற்காலத்தில் சுவாமி விபுலானந்தர். இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரும் அவரே. அவர் வாழ்நாளெல்லாம் துரத்தியது, உலகத்தில் இல்லாமலே போய்விட்ட ஒரு வாத்தியத்தை. பழந்தமிழரின் யாழ் மரத்தாலானது, உளுத்துப் போனது. வாசித்த கைகளும் போயின. அதன் இசை முறை மட்டும் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் 25 அடிகளில் தங்கியிருந்தது. புலவர்களுக்குச் சொல் தெரியும், கணக்கு இடிக்கும். நரம்பின் நீளத்தை மூன்றில் இரண்டாக்கினால் குரல் என்ற சுரத்திலிருந்து இளி என்ற சுரம் பிறக்கும். பாதியாக்கினால் அதே குரல் மேல் தானத்தில் (ஸ்தாயியில்) ஒலிக்கும். இளிக்கு இளியாகப் பன்னிரண்டு தடவை ஏறிப் போனால் ஏழு தானம் கடந்து புறப்பட்ட சுரத்துக்கே வந்து சேர வேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். கணக்குப் போட்டால், ஏழு தடவை இரட்டித்து 128 வர வேண்டிய இடத்தில், ஒன்றரையால் பன்னிரண்டு தடவை பெருக்கிய 129.7 வந்து நிற்கும். இந்தச் சின்னஞ்சிறு பிசகை எங்கே எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் உலகத்துச் சுருதி முறைகளெல்லாம் முட்டிக்கொள்கின்றன. பௌதிகம் படித்த தலையால் அந்த அடிகளை வாசித்துத்தான் அவர் யாழை மீட்டெடுத்தார். ‘யாழ் நூல்’ 1947 ஜூனில் அரங்கேறியது. ஜூலையில் அவர் காலமானார். பாட்டு பொத்தி வைத்திராவிட்டால் அவருக்கு ஆராய ஒன்றும் இருந்திராது. கணிதம் தெரியாவிட்டால் அந்தப் பாட்டு ஊமையாகவே கிடந்திருக்கும்.

நாமோ தென்கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் கலை பீடத்தை ஒலுவிலிலும் பிரயோக விஞ்ஞான பீடத்தைச் சம்மாந்துறையிலும் வைத்திருக்கிறோம். நடுவில் பஸ் ஓடுகிறது. மகள் விரும்பியதைப் படிக்கட்டும். கலைப் பிரிவில் தர்க்கமும் புவியியலும் எடுக்கலாம், வீட்டில் கணக்குப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் இருந்தால் போதும். துக்கம் விசாரிக்க வருகிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: மயில்வாகனன் இந்த வருடம் உயர்தரத்துக்கு விண்ணப்பித்தால் எந்தக் கட்டத்தில் புள்ளடி போடுவார்?