கங்காணியாருக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

கங்காணியாரே,

ஈப்போவுக்குப் பக்கத்துச் செமோரிலிருந்து எழுதுகிறேன். ரப்பர்த் தோட்டம் போய் செம்பனை வந்து, செம்பனை போய் வீடமைப்பு வந்து, லயம் இருந்த இடத்தில் இப்போது இரட்டை மாடி வீடுகள் நிற்கின்றன. உம்மைத் திட்டுவதை மட்டும் நாங்கள் நிறுத்தவில்லை. கதையில் திட்டினோம், நாடகத்தில் திட்டினோம். இன்று மன்னிப்புக் கேட்கிறேன். நீர் சின்ன ஆள் ஐயா. வெறும் சில்லறை.

கணக்குப் பார்ப்போம். உம் ஆள் ஒருவன் பெரட்டுக்கு வந்து நின்றால் உமக்கு ஒரு நாளைக்கு 2 காசு தலைக்காசு. அவன் காய்ச்சலில் படுத்தால் உமக்கும் காசு இல்லை. அதனால் அவன் எழுந்து நடமாட வேண்டும் என்ற கவலையாவது உமக்கு இருந்தது. கதவை உதைத்தாவது எழுப்பினீர். இன்று ஆள் பிடித்து வேலை தரும் கைப்பேசிச் செயலிக்கு அந்தக் கவலையும் கிடையாது. ஒருவன் படுத்தால், பெட்ரோல் நிலையத்து ஓரத்தில் இன்னும் ஒன்பது பேர் கைப்பேசியை முறைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

அவர்களுக்குச் செயலி வைத்திருக்கும் பெயரைக் கேட்டால் சிரிப்பீர்: ‘பார்ட்னர்’. நம் பாஷையில் பங்காளி. பங்காளி என்றால் பாகம் கேட்டு வழக்குப் போடுகிறவன் என்றல்லவா நமக்குத் தெரியும்? இவர்கள் பங்கே இல்லாத பங்காளிகள்.

அந்தக் காலத்தில் பால் நிறுக்கும்போது கிராணி வாளியில் மீட்டரை விட்டு, இத்தனை சதவிகிதம் என்று எழுதுவார். குறைத்துத்தான் எழுதுகிறார் என்று வெட்டுக்காரருக்குத் தெரியும். ஆனாலும் மீட்டர் கண்ணெதிரே மிதந்தது. கிராணிக்கு முகம் இருந்தது. ஆத்திரம் மீறினால் முறைக்கவாவது ஒரு முகம்.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட்டு ஒரு செயலியில் விற்கிறார். போன வருடம் முதல் வரிசையில் தெரிந்த முறுக்கு, இந்த வருடம் பத்துத் தடவை விரலால் தள்ளினால்தான் தெரிகிறது. எண்ணெய் மாறவில்லை, மாவு மாறவில்லை. விளம்பரத்துக்குக் காசு கட்டினால் முறுக்கு மேலே வருமாம். கமிஷன் தனி, அனுப்பும் செலவில் தள்ளுபடி தனி. யாரிடம் முறையிடுவது? அக்கா உதவிப் பகுதிக்கு எழுதினார். இயந்திரம் ஒன்று, ‘உங்கள் உணர்வைப் புரிந்துகொள்கிறோம்’ என்று பதில் போட்டது. கங்காணியாரே, நீர் கெட்ட வார்த்தையில் திட்டினாலும் எதிரே நின்று திட்டினீர்.

சந்தையை நடத்துவதும் அந்தச் செயலிதான், வாடகை வாங்குவதும் அதுதான். எந்தச் சரக்கு எப்போது விற்கிறது என்ற கணக்கு முழுக்க அதன் கையில். அந்தக் கணக்கை வைத்துக்கொண்டு நாளைக்கு அதுவே முறுக்குச் சுட்டால், முதல் வரிசை யாருக்கு? நம் கடைக்காரர் 555 புத்தகத்தில் பற்று எழுதினார், உண்மை. ஆனால் அவரும் நாமும் ஒரே புத்தகத்தைப் பார்த்தோம்.

சரி, அரசாங்கம் எங்கே போயிற்று என்கிறீரா? இருக்கிறது. 2018 மார்ச் 26-இல் வாடகைக் கார்ச் செயலியான ஊபர் தன் தென்கிழக்காசிய வியாபாரத்தைக் கிராப்பிடம் ஒப்படைத்துவிட்டு, பதிலுக்குக் கிராப்பில் 27.5 சதவிகிதப் பங்கை வாங்கிக்கொண்டு கிளம்பியது. போட்டியாளர்கள் சம்பந்தியானார்கள். சிங்கப்பூர்க்காரன் ஆறே மாதத்தில், அதே செப்டம்பரில், இரண்டு பேருக்கும் சேர்த்துச் சுமார் 13 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளி அபராதம் தீட்டினான். ஓட்டுநரை ஒரே செயலியில் கட்டிப்போடாதே என்றும் உத்தரவிட்டான்.

நம்மிடமும் 2010-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம் இருந்தது, ஆணையம் இருந்தது. ஒரு நிறுவனம் இன்னொன்றை விழுங்குவதைத் தடுக்கும் பிரிவு மட்டும் அந்தச் சட்டத்தில் இல்லை. விமான நிறுவனங்கள் இணைந்தால் கேட்க வேறு சட்டம் உண்டு. வானத்தில் பறப்பவனுக்கு நியாயம், ஈப்போ சாலையில் ஓடுபவனுக்குத் தலைவிதி.

2019 அக்டோபரில் மலேசியப் போட்டி ஆணையம் விழித்துக்கொண்டது. கிராப்புக்கு 86.77 மில்லியன் ரிங்கிட் அபராதம், அதற்கு மேல் நாளுக்கு 15,000 ரிங்கிட் என்று ‘முன்மொழிந்தது’. அபராதம் இல்லை, அபராதத்துக்கு நிச்சயதார்த்தம். குற்றச்சாட்டு என்ன? போட்டி நிறுவனங்களின் விளம்பரத்தை ஓட்டுநர்கள் ஏற்கக்கூடாது என்று கட்டுப்படுத்தியதாம். காருக்கு மாதத் தவணை ஓட்டுநருடையது, பெட்ரோல் அவனுடையது, தேய்கிற டயரும் இடுப்பும் அவனுடையவை. கதவில் எதை ஒட்டலாம் என்ற அதிகாரம் மட்டும் செயலிக்கு. கிராப் கோர்ட்டுக்குப் போனது. முன்மொழிவை எதிர்த்து வழக்குத் தொடுக்க அனுமதி உண்டா இல்லையா என்பதற்கே வழக்கு ஒரு நீதிமன்றத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏறியது. அந்த நேரத்தில் எத்தனை பேர் காரை வங்கியிடம் பறிகொடுத்தார்களோ!

2025 ஆகஸ்ட் 28-இல் மக்களவை கிக் தொழிலாளர் மசோதாவை நிறைவேற்றியது. நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் அது ஓட்டுகிறவருக்கு, விற்கிறவருக்கு இல்லை. முறுக்கு அக்காவுக்கு அதில் இடம் கிடையாது. ஆணையம் அதே வருடம் இணைய வணிகம், இணைய விளம்பரம், கைப்பேசி இயங்குதளம், பயண முகவர் என்று நான்கையும் ஆராய்ந்து அறிக்கை போட்டது. ஆராயட்டும். ஐரோப்பாவில் 2024 மார்ச்சிலிருந்து, வாசலைப் பிடித்து நிற்கும் பெரிய நிறுவனம் தன் சரக்கை முன்னே தள்ளினால் உலக வருமானத்தில் 10 சதவிகிதம் வரை தண்டம் கட்ட வேண்டும். நாமோ 2025 அக்டோபர் 26-இல் அமெரிக்காவோடு ஒப்பந்தம் போட்டு, அவர்கள் நிறுவனங்களைப் பாகுபடுத்தும் டிஜிட்டல் சேவை வரி விதிக்க மாட்டோம் என்று எழுதிக் கொடுத்தோம். துரைக்குச் சலாம் போட்ட கை இன்னும் இறங்கவில்லை.

நாங்கள் கேட்பது புரட்சி இல்லை. சந்தைக்காரன் தன் சந்தையில் தானே சரக்குப் போட்டு முந்தக் கூடாது. முறுக்கு ஏன் கீழே போனது என்று ஒரு மனிதன் பதில் சொல்ல வேண்டும். ஓட்டுநர் பாடுபட்டுச் சேர்த்த நட்சத்திரங்களை வேறு செயலிக்கும் எடுத்துப் போக விட வேண்டும். விழுங்குவதற்கு முன்னால் அனுமதி கேட்க வேண்டும், ஏப்பம் விட்ட பிறகு இல்லை.

கங்காணியாரே, இந்தக் கடிதத்தை உமக்கு அனுப்ப விலாசம் இல்லை. அதனால் செமோர்க்காரர்களிடமே கொடுத்துவிடுகிறேன். பிரதமரின் தம்பூன் தொகுதி நமக்குத் தூரமில்லை. நிறுவன இணைப்பைக் கட்டுப்படுத்தும் திருத்தத்துக்கு 2022-இல் மக்களிடம் கருத்துக் கேட்டார்களே, அது என்ன ஆயிற்று என்று அடுத்த தடவை மாலை போடும்போது கேளுங்கள். பதில் வந்த பிறகு மாலையைப் போடுங்கள்.