இரண்டாவது டம்ளர் எங்கே?

கேள்வி: டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி ஐஸ் கட்டியை மிதக்கவிட்டோம். முழுக்க உருகியும் ஒரு சொட்டு வழியவில்லை. பிறகு எப்படிக் கடல் உயரும்?

பதில்: சோதனை சரி. பாதியில் நிறுத்திவிட்டீர்கள். மிதக்கும் கட்டி, தன் எடைக்கு எடை தண்ணீரை முன்பே விலக்கிவிடுகிறது; உருகியதும் அதே இடத்துக்குள் அடங்கிவிடுகிறது. வட துருவக் கடலில் மிதக்கும் பனிக்கு இந்தக் கணக்கு ஏறத்தாழப் பொருந்தும். கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் பெரும்பகுதிப் பனி நிலத்தின் மேல் கிடக்கிறதே! அதற்கு இரண்டாவது டம்ளர் வேண்டும். கூழாங்கற்களை நீர்மட்டத்துக்கு மேலே தெரியும்படி அடுக்கி, அவற்றின் மேல் ஐஸ் வையுங்கள். மட்டத்தை ஸ்கெட்ச் பேனாவால் குறித்துவிட்டு அடுத்த பீரியடில் பாருங்கள். கோடு மூழ்கியிருக்கும்.

கேள்வி: உப்புத் தண்ணீரில் செய்தால்?

பதில்: மிதக்கும் கட்டி உருகினாலும் மட்டம் ஒரு துளி ஏறும். உருகி வரும் நல்ல தண்ணீர் உப்பு நீரைவிட அடர்த்தி குறைந்தது. கூடுதல் இடம் கேட்கும். டம்ளரில் கண்ணுக்குத் தெரியாது. கேட்ட பிள்ளைக்கு என் பாராட்டு.

கேள்வி: எல்லாப் பனியும் உருகினால் எவ்வளவு உயரும்?

பதில்: கிரீன்லாந்து முழுவதும் கரைந்தால் சுமார் 7 மீட்டர், அண்டார்க்டிகாவும் கரைந்தால் இன்னும் 58. ஆனால் அதற்குப் பல நூற்றாண்டுகள், ஆயிரக்கணக்கான ஆண்டுகள்கூடப் பிடிக்கும். இந்த எண்களைச் சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டாம். வேகத்தைச் சொல்லுங்கள்: 1901 முதல் 1971 வரை கடல்மட்டம் ஆண்டுக்குச் சராசரியாக 1.3 மில்லிமீட்டர் உயர்ந்தது; 2006 முதல் 2018 வரை 3.7.

கேள்வி: அப்படியானால் மிதக்கும் பனி உருகினால் நட்டமில்லை?

பதில்: பெரிய நட்டம். வெண்பனி தன்மேல் விழும் வெயிலில் பாதிக்கு மேல் திருப்பி அனுப்புகிறது. பனி போன இடத்தில் தெரியும் கரிய கடல்நீர் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் விழுங்கிக்கொள்கிறது. கடல் சூடாகிறது, இன்னும் பனி உருகுகிறது, இன்னும் சூடாகிறது. வட துருவப் பகுதி உலக சராசரியைவிட வேகமாகச் சூடேற இது ஒரு முக்கியக் காரணம். வெள்ளைத்தாள் ஒன்று, கறுப்புத்தாள் ஒன்று, ஒவ்வொன்றின் கீழும் ஒரு தெர்மாமீட்டர். வெயிலில் வைத்தால் வகுப்பே பார்க்கலாம்.

இன்னொன்று: அண்டார்க்டிகாவின் விளிம்பில் மிதக்கும் பனித்தட்டுகள், பின்னாலிருக்கும் நிலப்பனிக்கு முட்டுக்கொடுத்து நிற்கின்றன. 2002இல் லார்சன்-பி என்ற பனித்தட்டு சில வாரங்களில் நொறுங்கியது. அதுவரை அது தடுத்து வைத்திருந்த பனியாறுகள் அதன்பின் பல மடங்கு வேகமாகக் கடலுக்கு இறங்கின. முதல் டம்ளர் உடைந்ததும் இரண்டாவது டம்ளரின் கதை தொடங்கிவிடுகிறது.

கேள்வி: பனியே உருகாவிட்டால் கடல் உயராதா?

பதில்: உயரும். சூடானால் தண்ணீர் விரியும். குடுவையில் நிறத்தண்ணீரை முழுக்க நிரப்பி, மூடியில் மெல்லிய குழாய் செருகி வெந்நீரில் வையுங்கள். குழாயில் ஏறுவது தெரியும். 1971 முதல் 2018 வரை கடல் உயர்ந்ததில் ஏறத்தாழப் பாதி இப்படி விரிந்ததால் வந்தது.

கேள்வி: பாட்டிலில் சமையல் சோடாவும் வினிகரும் போட்டு, விளக்கொளியில் சூடேற்றி, கரியமில வாயுவால்தான் பூமி சூடாகிறது என்று காட்டலாமா?

பதில்: வேண்டாம். அந்த பாட்டிலில் தெரியும் கூடுதல் சூடு பெரும்பாலும் அந்த வாயு காற்றைவிடக் கனமாக இருப்பதால் வருவது. காற்றோட்டம் தடைபடுகிறது, அவ்வளவுதான். கரியமில வாயு வெப்பத்தை உறிஞ்சும் என்பது உண்மை; 1859இல் ஜான் டிண்டால் கருவி வைத்து அளந்தே காட்டினார். ஓர் உண்மையைத் தவறான சோதனையால் நிரூபிக்கக் கூடாது.

கேள்வி: நான் அறிவியல் ஆசிரியை. நேரம் ஒரே பீரியட். எதைச் செய்வது?

பதில்: இரண்டு டம்ளரையும் ஒரே மேசையில் வையுங்கள். ஐஸ் போடுமுன், எதில் மட்டம் ஏறும் என்று ஒவ்வொரு பிள்ளையையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள். ஒரு டம்ளரோடு மட்டும் வகுப்பை முடித்து அனுப்பிவிடாதீர்கள்.